எத்தனை பேரால் வகுப்பது

சின்ன வேலை என்று சொல்லித்தான் எல்லா வேலையும் என் தலையில் விழுகிறது. அன்றைக்கும் அப்படித்தான். அதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னால் வேலை பெரிது என்று அர்த்தம். நின்றபடி முடிந்துவிடுகிற பேச்சில் ஆபத்து கிடையாது. ஆசிரியர்கள் மார்க் ஏற்றுகிற போர்ட்டலில் இனிமேல் வகுப்புவாரியாகச் சராசரி, அதிகபட்சம், குறைந்தபட்சம், தேர்ச்சி விழுக்காடு எல்லாம் தானாக வரவேண்டும், எந்த வகுப்பு மேலே, எந்த வகுப்பு கீழே என்று ஒரே பார்வையில் தெரியவேண்டும் என்றார். அவர் கடலுக்கு அப்பால், நாங்கள் மெயின்லேண்ட் என்று சொல்கிற பக்கத்திலிருந்து தீவுக்கு வந்தவர், இந்திதான் பேசுவார். "சோட்டா சா காம் ஹை, ஹோ ஜாயேகா நா?" என்று முடித்தார். சின்ன வேலைதான், ஆகிவிடும் என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நான் கணக்கு வாத்தியார். இருபது வருஷத்துக்கு மேல் சாக்பீஸ் தூளைத் தின்றவன். மாயாபந்தரிலும் பிறகு போர்ட் பிளேரிலும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவனைக் கம்ப்யூட்டர் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக டெபுடேஷன் போட்டுக் கல்வித்துறை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். போர்ட்டலை முதலில் கட்டியது ஒரு தனியார் கம்பெனி. ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதைப் பழுது பார்க்க, தீவு தீவாகப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க, ராத்திரி பத்து மணிக்கு பாஸ்வேர்டு மறந்துபோன தலைமை ஆசிரியரிடம் திட்டு வாங்க, எல்லாவற்றுக்கும் நான்தான். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. அவர்களுடைய மார்க்கை மட்டும் தினமும் பார்க்கிறேன்.

வீடு பாம்பூபிளாட்டில். காலையில் ஃபெர்ரி பிடித்து எதிர்க்கரையில் சாத்தம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஆபீஸ். மழைக்காலத்தில் லேப்டாப்பை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பேன். பிள்ளையைக்கூட அப்படி நான் தூக்கியதில்லை என்று மனைவி சொல்வாள். ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் பாக்கி. அதுவரை யாரும் என்னைத் தெற்குக் கோடித் தீவில் இருக்கிற கேம்ப்பெல் பே பக்கம் தூக்கிப் போடாமல் இருந்தால் போதும் என்பதுதான் அப்போது என் ஒரே வேண்டுதல். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கு இதுதான் காரணம்.

கணக்கு எழுதுவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. மார்க்கையெல்லாம் கூட்டு, பெயர்களின் எண்ணிக்கையால் வகு. ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கணக்கு. மீதி நாளெல்லாம் அழகு பார்ப்பதில் போனது. பட்டைப்படம் எந்தப் பக்கம் வரவேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று அதிகாரி தினமும் ஒரு யோசனை சொன்னார். நிறம் போட்டது என் யோசனை. சராசரி அறுபதுக்கு மேல் என்றால் பச்சை, ஐம்பதுக்குக் கீழே என்றால் சிவப்பு, நடுவில் மஞ்சள். யாரும் கேட்காமல் நானாகப் போட்டேன். காட்டியபோது அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து அறைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அத்தனை வருஷத்தில் என் வேலையை ஒரு மேலதிகாரி இரண்டாம் முறை பார்த்தது அப்போதுதான்.

பழைய பருவங்களின் மார்க்கும் உள்ளே இருந்ததால், போன வருஷத்துக்கும் சேர்த்தே பட்டியல் வந்துவிட்டது. எல்லாத் தீவுகளின் எல்லா வகுப்புகளும் மேலிருந்து கீழாக. அதிகாரி அதை அச்சடித்துக்கொண்டார். அடுத்த வாரமே, ஒப்பந்த ஆசிரியர்களில் இரண்டு பருவம் தொடர்ந்து சிவப்பில் இருப்பவர்களுக்கு வரும் வருஷம் நீட்டிப்பு இல்லை என்று மேலே ஒரு கோப்பு போனது. பட்டியல் இதற்குத்தான் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைவிட நான் கேட்கவில்லை என்பதுதான் சரி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

நிறம் வெளியே தெரிந்த நாளிலிருந்து என் போன் ஓயவில்லை. மஞ்சள் கிடைத்தவர்கள் பச்சை கேட்டார்கள். பச்சை கிடைத்தவர்களில் ஒருவர் பக்கத்துப் பள்ளிக்கு எப்படிப் பச்சை கிடைத்தது என்று கேட்டார். எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் மரத்துப்போனது. "மெஷின் போடறது சார், நான் போடறதில்ல." இது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்படி வந்த போன்களில் ஒன்று, ஒரு ராத்திரிக் கப்பல் தூரத்துத் தீவில் இருக்கிற ஹட் பேயிலிருந்து. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற டீச்சர். ஒப்பந்தத்தில் இருப்பவர், ஆறேழு வருஷமாக வருஷா வருஷம் நீட்டித்துக்கொண்டிருந்தார்கள். பெற்றவர்கள் ராமநாதபுரம் பக்கமிருந்து அந்தக் காலத்தில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர்கள். தோட்டம் மூடியும் ஊரைவிட்டுப் போகவில்லை. டீச்சர் பிறந்தது, படித்தது எல்லாம் அந்தத் தீவில்தான். ஆனால் வாயைத் திறந்தால் ராமநாதபுரம்தான் வரும்.

"சார், என் கிளாஸ் ஏன் செவப்பா இருக்கு?"

"சராசரி கம்மிம்மா. நாப்பத்தஞ்சு."

"அவ்வளவு கம்மியா வராது சார். பிள்ளைக நல்லாத்தான் எழுதிருக்காக. ஒம்பது பேரு ஊர்ல இல்ல, அதுனால..."

"ஆப்சென்ட் எல்லா ஸ்கூல்லயும்தான் இருக்காங்க டீச்சர். உங்களுக்கு மட்டுமா?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுத்த பள்ளியின் பக்கத்தைத் திறந்தேன்.

"சரி சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கு அது எனக்குப் பதினோராவது போன். அவர் வாக்கியத்தை முடிக்கவிட்டிருந்தால் விஷயம் அங்கேயே விளங்கியிருக்கும். மேசையில் ஆறிப்போன டீ இருந்தது. அதைக் குடிக்கவேண்டும் என்பதுதான் அப்போது எனக்கு முக்கியமாகப் பட்டது.

பிறகு ஒரு நாள் மதியம் அவரே ஆபீஸ் வாசலில் நின்றார். நீட்டிப்பு கிடையாது என்ற தகவல் பள்ளிக்குப் போயிருக்கிறது. உத்தரவு கையெழுத்தாகுமுன் மனு கொடுத்துப் பார்க்கலாம் என்று தலைமை ஆசிரியர் சொன்னாராம். கப்பலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்திருக்கிறார், படுக்கை டிக்கெட் கிடைக்கவில்லை. முகத்தில் அலுப்பு தெரிந்தது. கோபம் தெரியவில்லை. கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபக்காரர்களை விரட்டுவது எனக்குக் கைவந்த கலை.

துணிப்பையிலிருந்து வகுப்பு ரிஜிஸ்டரை எடுத்து என் மேசைமேல் விரித்தார். இருபத்துநாலு பெயர். அதில் ஒன்பது பெயருக்கு நேரே மாதக்கணக்கில் வருகைக் குறி இல்லை. ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னதாக எழுதியிருந்தது. அக்கா கல்யாணம், தேனி. அப்பாவுக்கு ஆபரேஷன், மதுரை. டிக்கெட் கிடைக்கவில்லை, சென்னை.

இதைத் தீவுக்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு குடும்பம் பத்து நாள் கல்யாணத்துக்கென்று மெயின்லேண்ட் போனால் பத்து நாளில் திரும்பி வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கப்பல் தேதி தள்ளிப்போகும். விமானத்துக்குக் காசு இருக்காது. அங்கேயே ஒரு வேலை கிடைத்து அப்பா நாலு மாதம் இருந்து பார்ப்போம் என்பார். பிள்ளையின் பெயரை ரிஜிஸ்டரிலிருந்து அடித்துவிட்டால், திரும்பி வரும்போது டி.சி. எங்கே, உத்தரவு எங்கே என்று போர்ட் பிளேருக்கும் ஹட் பேக்கும் காகிதம் போய் வருவதற்குள் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும். அதனால் நல்ல ஆசிரியர்கள் பெயரை அடிப்பதில்லை. பிள்ளை ஊரில் இல்லாவிட்டாலும் பெயர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். நானும் மாயாபந்தரில் அப்படித்தான் வைத்திருந்தேன்.

"இந்த ஒம்பது பேருக்கும் என்ன மார்க் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"சைபர்தான் சார்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எழுதாத பிள்ளைக்கு யாராவது சைபர் போடுவாங்களா டீச்சர்? எழுதி ஒண்ணும் வாங்காதவனுக்குத்தான் சைபர். எழுதாதவன் வேற, இல்லையா? கணக்கு டீச்சர்தான நீங்க?"

அவர் பைக்குள் கையைவிட்டு, மூலை மடங்கிய ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, பக்கத்தைத் தேடி, என் பக்கமாகத் திருப்பி வைத்தார். பயிற்சி வகுப்பில் எழுதிக்கொண்ட குறிப்பு. வரிசையாக எண் போட்டு, அச்சுப்போன்ற கையெழுத்தில் இருந்தது. ஆறாவதாக, 'ஒரு கட்டமும் காலியாக இருக்கக்கூடாது. மெயின்லேண்ட் போன பிள்ளைகளுக்கு 0 போடவும்.' அதற்குக் கீழே கோடு போட்டு, 'சார் சொன்னது' என்று இருந்தது.

"நீங்கதான சார் சொன்னீக," என்றார். குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை. நினைவுபடுத்துகிற குரல்தான்.

எல்லாம் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் முன்னால், ஹட் பே பள்ளியில் ஒரு மழை நாள். கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே போய் இறங்கியிருந்தேன். நெட்வொர்க் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பக்கம் சேவ் ஆகாது, கம்பெனிக்காரர்கள் அப்படிக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, மெயின்லேண்ட் போன பிள்ளைகளுக்கு என்ன போடுவது என்று கேட்டார். அதைத் திருத்தித் தருகிறேன், அதுவரை காத்திருங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். திரும்புகிற கப்பலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "சைபர் போட்டுட்டுப் போங்கம்மா, யார் பாக்கப் போறா," என்றேன். உண்மையிலேயே அப்போது யாரும் பார்க்கவில்லை. ஊரில் இல்லாத பிள்ளையின் மார்க்கை யார் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள். சராசரி என்று ஒன்று வரும்வரை அந்த சைபர்கள் யாருக்கும் கெடுதல் செய்யாமல் கிடந்தன. அந்த சராசரியைக் கொண்டுவந்து சேர்த்ததும் நான்தான்.

ஒரு பழைய சுற்றறிக்கையைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் கணக்குப் போட்டேன். பதினைந்து பேர் எழுதியிருந்தார்கள். மொத்தம் ஆயிரத்து எண்பது. இருபத்துநாலால் வகுத்தால் நாற்பத்தைந்து. பதினைந்தால் வகுத்தால் எழுபத்திரண்டு. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். எழுபத்திரண்டு என்றால் அச்சடித்த பட்டியலில் முதல் பக்கத்தில் வந்திருக்கவேண்டிய வகுப்பு.

மற்ற பள்ளிகளில் ஏன் இப்படி ஆகவில்லை என்று அப்புறம் தோண்டிப் பார்த்தேன். என் பயிற்சியை யாரும் காதில் வாங்கவில்லை, அவ்வளவுதான். சிலர் பெயரை அடித்துவிட்டார்கள். நிறையப் பேர், ஊரில் இல்லாத பிள்ளைக்குப் போன பருவத்து மார்க்கையே இந்தப் பருவத்துக்கும் தூக்கிப் போட்டிருந்தார்கள். ஒரு பையன் மூன்று பருவமாக அதே அறுபத்தெட்டு வாங்கிக்கொண்டிருந்தான். அந்த வகுப்புகளெல்லாம் பச்சை. நான் சொன்னதைச் சொன்னபடி கடைசி எழுத்துவரை செய்தது இந்த ஒரு டீச்சர்தான்.

"நான் அதிகாரிகிட்ட பேசறேன். எழுதிக் குடுக்கறேன்," என்றேன்.

"நீங்க எழுதுனா போதும் சார்." ரிஜிஸ்டரைப் பைக்குள் வைத்தார். "எனக்கு மெயின்லேண்ட்ல யாரு சார் இருக்கா? அண்ணன் ஒருத்தன் திருவள்ளூர்ல இருக்கான், அவனுக்கே சின்ன வீடு. அம்மா கப்பல் ஏறுற ஒடம்பா? இங்கதான் பாத்துக்கணும்."

அதிகாரி என் கணக்கைப் பொறுமையாகத்தான் கேட்டார். கெட்டவர் இல்லை. பட்டியல் மேலே போய்விட்டது, இப்போது எண்ணை மாற்றினால் ஏன் மாற்றினீர்கள் என்று கேள்வி வரும், யார் தவறு என்று எழுத்தில் வேண்டும் என்றார். அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

நாற்காலிக்கு வந்து எழுதினேன். முதலில் எழுதியது இப்படி இருந்தது: காலியாக விட்டால் பக்கம் சேமிக்கப்படாது என்பதால், ஊரில் இல்லாத மாணவர்களுக்குப் பூஜ்யம் போடும்படி பயிற்சியில் நானே கூறினேன். ஆசிரியை அதன்படி செய்தார். சராசரி கணக்கிடும்போது அதை நான் கவனிக்கத் தவறினேன். சரியான சராசரி எழுபத்திரண்டு. நாலு வாக்கியம், எல்லாம் உண்மை.

எழுதி முடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாம்பூபிளாட் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பேசியிருந்தோம். முழங்கால் வலிக்குப் போர்ட் பிளேரில் ஒரு டாக்டரிடம் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பந்த ஆசிரியர்கள் கோப்பையே தப்பாக்கியவன் என்று என் பெயர் மேலே போனால், அடுத்த இடமாற்றப் பட்டியலில் நான் எங்கே இருப்பேன் என்று யோசித்தேன். இதையெல்லாம் யோசிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு முதல் மூன்று வாக்கியங்களையும் அழித்துவிட்டு, 'மதிப்பெண் பதிவேற்றத்தில் ஏற்பட்ட பிழையின் காரணமாக' என்று ஆரம்பித்து எழுபத்திரண்டில் முடித்தேன். அதுவும் பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண் சரியாக இருக்கிறதே, அது போதாதா, வேலை காப்பாற்றப்பட்டால் யார் பிழை என்று யார் கேட்கப்போகிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். எனக்கு இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். நான் பயந்துபோய் அதை எழுதினேன்.

டீச்சர் அடுத்த கப்பல்வரை மூன்று நாள் போர்ட் பிளேரிலேயே டெலானிப்பூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். கிளம்புகிற அன்று ஆபீஸுக்கு வந்தார். எழுதிக் கொடுத்துவிட்டேன், சரியாகிவிடும் என்றேன். ஒரு பாட்டிலில் வீட்டு மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்திருந்தார். கப்பலில் உடைந்துவிடுமோ என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கி மேசை டிராயரில் வைத்தேன். இன்னும் அது அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோனால் யார் கொடுத்தது என்று மனைவி கேட்பாள்.

மூன்று வாரம் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. மேலே யாரோ ஓரத்தில் ஒன்றரை வரி எழுதியிருந்தார்கள். ஆசிரியை மதிப்பெண்களைச் சரியாகப் பதிவேற்றத் தெரியாதவர் என்பது அலுவலகக் குறிப்பிலிருந்தே தெரிகிறது, எனவே நீட்டிப்பு தேவையில்லை. அலுவலகக் குறிப்பு என்றால் என்னுடையது. சராசரி குறைவு என்ற காரணம் போய், அதைவிட உறுதியான ஒரு காரணத்தை நான் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. இந்த முறையும் குரல் உயரவில்லை.

"சார், ஏத்தத் தெரியலன்னு எழுதிருக்காகளாம். நான் என்னத்த சார் தப்பா ஏத்துனேன்?"

ஃபெர்ரியில் நின்றுகொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் பெரிதாக இருந்தது.

"கேக்கலம்மா சரியா. பாக்கறேன். நான் பாக்கறேன்," என்றேன்.

"நீங்க சொன்னபடிதான சார் போட்டேன்."

அது நன்றாகவே கேட்டது. போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அந்த மாதமே போர்ட்டலைத் திருத்தினேன். கட்டத்தில் எண் போடாவிட்டால் 'ஊரில் இல்லை' என்று தேர்ந்தெடுக்கலாம். சராசரியை எழுதியவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுக்கும். பழைய சைபர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, உண்மையான சைபர் எது, ஊரில் இல்லாத சைபர் எது என்று பிரித்தேன். இரண்டு வருஷம் முன்னால் ஹட் பேயிலிருந்து திரும்பிய மறுநாளே இதைச் செய்திருக்கலாம். அரை நாள் வேலை. அதிகாரி பார்த்துவிட்டு, "பஹுத் படியா" என்றார். மிக நன்று என்று பாராட்டு. நான் வந்து பஸ்ஸுக்காக நின்றேன்.

புது வருஷம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஹட் பே தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். அவர் தெலுங்குக்காரர், நாங்கள் பேசிக்கொள்வது இந்தியில். முதலில் ஒரு நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார்: மெயின்லேண்ட் போயிருந்த ஒன்பது பிள்ளைகளில் நாலு பேர் ஒரே கப்பலில் வந்துவிட்டார்கள். பெயர் ரிஜிஸ்டரில் இருந்ததால் டி.சி., உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை, வந்த அன்றே வகுப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெண் வந்ததும் வராததுமாகக் கணக்கு டீச்சர் எங்கே என்று கேட்டதாம்.

"டீச்சர் எங்க இருக்காங்க இப்ப?" என்று கேட்டேன்.

"மெயின்லேண்ட் சலி கயீ," என்றார். மெயின்லேண்ட் போய்விட்டார். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறதாம். அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மா தினமும் பள்ளி கேட் வரைக்கும் வந்து, மகளிடமிருந்து போன் வந்ததா என்று இவரிடம் கேட்டுவிட்டுப் போகிறாராம்.

பிறகு எதற்குக் கூப்பிட்டாரோ அதற்கு வந்தார். எட்டாம் வகுப்புக் கணக்குக்கு இன்னும் ஆள் வரவில்லை. போர்ட்டலில் வகுப்பைத் திறந்தால் ஆசிரியர் எண் கேட்கிறது. காலியாக விட்டால் பக்கம் சேவ் ஆகமாட்டேன் என்கிறது. பிள்ளைகளுக்கு வைத்த 'ஊரில் இல்லை' அந்தக் கட்டத்தில் கிடையாது. ஆசிரியர்களுக்கும் அது தேவைப்படும் என்று நான் யோசிக்கவில்லை.

"க்யா டாலூன் சார்?" என்ன போடட்டும் என்று கேட்டார். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. மணியடித்து விட்டிருக்கவேண்டும், அவருக்கு அவசரம்.

என் திரையில் அந்த வகுப்பைத் திறந்து வைத்திருந்தேன். போன வருஷத்துச் சராசரி எழுபத்திரண்டு என்று பச்சையில் இருந்தது. திருத்திய பட்டியலில் எல்லாத் தீவுகளுக்கும் சேர்த்து மூன்றாவது. பக்கத்தில் ஆசிரியர் என்ற கட்டம் காலியாக இருந்தது. திருத்தித் தருகிறேன், நாளைவரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாலரை ஃபெர்ரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எனக்கு அலுப்பாக இருந்தது.

"சைபர் போடுங்க," என்றேன்.

போட்டார். பக்கம் உடனே சேவ் ஆகிவிட்டது.